நெல்வயலில் வேர்விட்ட மின்னணுத் தொழில்: ஜப்பான் வந்த பாதை

உழவர்களின் நாடாக இருந்த ஜப்பான் மின்னணுக் கருவிகளின் நாடாக மாறியது எப்படி, அந்த மாற்றம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா கைகொடுத்ததால்தான் நிகழ்ந்ததா என்பது கேள்வி. அமெரிக்கச் சந்தையும் அமெரிக்கக் காப்புரிமைகளும் இல்லாமல் போருக்குப் பிந்தைய வளர்ச்சி அந்த வேகத்தில் நடந்திருக்காது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1945இலிருந்து கதையைத் தொடங்கினால் பாதிக்கு மேல் விடுபட்டுப்போகும். ஆலைகளுக்கு முதல் போட்டதும் ஆள் அனுப்பியதும் கிராமம்தான். பல இடங்களில் ஆலை குடியேறிய கட்டடமும் அது இன்றும் உறிஞ்சும் தண்ணீரும்கூடக் கிராமத்துடையவை. உழவு முடிந்து தொழில் தொடங்கியது என்று பிரித்துச் சொல்வதைவிட, ஒன்றின் உள்ளிருந்தே மற்றொன்று கிளைத்தது என்று பார்ப்பதே சரி என்பது என் கருத்து. அதைக் காட்ட நெல், பட்டு, மின்னணு ஆகிய மூன்றையும் தொட வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மலை. உழுவதற்குக் கிடைக்கும் நிலம் சொற்பம். கொரியத் தீபகற்பத்திலிருந்து கியூஷூ தீவின் வடபகுதிக்கு நஞ்சை நெல் சாகுபடி கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் வந்து சேர்ந்தது. தொக்குகாவா ஆட்சிக் காலத்தில் (1603–1868) நாட்டின் செல்வமே அரிசியால் அளக்கப்பட்டது. ஒரு 'கொக்கு' என்பது சுமார் 180 லிட்டர், எடையில் ஏறக்குறைய 150 கிலோ. ஓர் ஆளுக்கு ஓராண்டுச் சாப்பாடு என்பது கணக்கு. ஒரு சிற்றரசரின் தகுதி அவருடைய நிலத்தில் எத்தனை கொக்கு விளையும் என்பதைப் பொறுத்தே அமைந்தது. நிலத்தை விரிக்க வழியில்லை, வேலை செய்யக் கைகளுக்குப் பஞ்சமில்லை என்ற நிலையில், முயற்சி முழுவதும் விதை, எரு, கைக்கருவி ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. மத்தி மீனைக் காயவைத்து உரமாக விற்றார்கள். எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்து மலக்கழிவைச் சுற்றுவட்டார உழவர்கள் விலை கொடுத்து வாங்கிப்போனார்கள். மியாசாகி யாசுசாதா எழுதிய வேளாண் கையேடு 1697இல் அச்சாகி, ஊர்த் தலைவர்களின் வீடுகளில் தலைமுறைகள் கடந்து படிக்கப்பட்டது.

அதே காலத்தில் பரவிய கதிரடிக்கும் சீப்பு ஒன்று தனியே சொல்லத் தக்கது. மரச்சட்டத்தில் பற்களை வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். கதிர்க்கட்டை அதில் செருகி இழுத்தால் மணிகள் உதிரும். அதற்கு முன் இரண்டு மூங்கில் குச்சிகளுக்கிடையே கதிரை இடுக்கி உருவ வேண்டியிருந்தது, அந்தக் கூலி வேலை பெரும்பாலும் கைம்பெண்களுக்கு வாழ்வாதாரமாக இருந்தது. புதிய சீப்பு அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டதால் அதற்குக் 'கைம்பெண்களை வீழ்த்துவது' என்றே பட்டப்பெயர் விழுந்தது. இயந்திரம் வேலையைப் பறிக்கிறது என்ற புகார் அந்நாட்டில் 300 ஆண்டுப் பழமை உடையது.

உழவோடு தொடர்பில்லாத ஒரு கைத்திறனையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஐரோப்பியக் கடிகாரம் நாள் முழுவதும் ஒரே அளவான மணிகளைக் காட்டியது. ஜப்பானிலோ விடியலிலிருந்து அந்தி வரை ஆறு பாகம், அந்தியிலிருந்து விடியல் வரை ஆறு பாகம் என்பது வழக்கம். கோடையில் பகற்பாகம் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். ஆகவே அங்குள்ள கடிகாரக் கம்மியர்களால் அயல்நாட்டுப் பொறியை அப்படியே நகலெடுத்துவிட முடியவில்லை. பருவத்துக்கேற்ப வேகத்தை மாற்றும் எடைகளையும் நகர்த்தக்கூடிய மணிக்குறிகளையும் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். குருமே என்ற ஊரில் ஆமையோட்டுக் கைவினைஞர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த தனாகா ஹிசாஷிகே (1799–1881) இயங்கும் பொம்மைகள் செய்து பேர்பெற்று, 1851இல் பருவத்துக்கேற்ப மணிக்குறிகள் தாமாகவே நகரும் கடிகாரம் ஒன்றைச் செய்து முடித்தார். 1875இல் அவர் தோக்கியோவின் கின்சா பகுதியில் தந்திக் கருவிகள் செய்யும் கடை வைத்தார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனம் 1939இல் ஒரு மின்விளக்கு நிறுவனத்தோடு இணைந்து, பின்னாளில் தோஷிபா என்று உலகம் அறிந்ததாயிற்று.

1868இல் தொக்குகாவா ஆட்சி முடிந்து மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்தபோது அரசிடம் தொழில்மயமாகும் ஆசை இருந்தது, பணம் இல்லை. 1873இல், அதுவரை அரிசியாகச் செலுத்தப்பட்ட வரியை நில மதிப்பில் 3 சதவீதம் பணமாகச் செலுத்த வேண்டும் என்று மாற்றினார்கள். உழவர்கள் கிளர்ந்தெழுந்த பின் 1877இல் அது 2.5 சதவீதமாகக் குறைந்தது. தொடக்க ஆண்டுகளில் அரசு வருவாயின் பெரும்பங்கு இந்த நிலவரிதான். அதே 1873இல் தோக்கியோவில் பொறியியல் கல்லூரி தொடங்கியது. அதை நடத்த ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹென்றி டையருக்கு அப்போது வயது சுமார் 25. அங்கே வில்லியம் அயர்டன் நடத்திய தந்திப் பாடம், மின் பொறியியலைத் தனித் துறையாகக் கற்பித்த உலகின் முதல் முயற்சிகளுள் ஒன்று. இத்தகைய அயல்நாட்டு ஆசிரியர்களுக்கு அரசு அள்ளிக் கொடுத்த சம்பளம் வயலில் பிறந்த பணம்.

இயந்திரம் வாங்கத் தேவைப்பட்ட அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்ததில் முதலிடம் பட்டுக்கு. 1872இல் தொமியோகா என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரரான பால் புருனாவின் வழிகாட்டுதலில் பட்டுக்கூடுகளை வெந்நீரில் இடும் 300 தொட்டிகள் கொண்ட அரசு நூற்பாலை திறக்கப்பட்டது. முதலில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சிவப்பு ஒயின் குடிப்பதைப் பார்த்த ஊரார் அது பெண்களின் இரத்தம் என்று நம்பினார்களாம். கடைசியில் முன்னாள் சாமுராய்க் குடும்பத்துப் பெண்கள் உள்ளிட்ட இளம்பெண்கள் பல மாகாணங்களிலிருந்து வந்து, கற்றுக்கொண்டு, ஊர் திரும்பிப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆலை என்ற அளவில் தொமியோகா பெரிய இலாபம் காட்டவில்லை; 1893இல் தனியாருக்கு விற்கப்பட்டது. அதைப் பள்ளிக்கூடமாகப் பார்த்தால்தான் அதன் பயன் விளங்கும்.

உண்மையான பெருக்கம் நாகானோ மாகாணத்தில், சுவா ஏரிக்கரையில் உள்ள ஒகாயாவில் நடந்தது. மலையகம் என்பதால் நெல் குறைவு, பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டைச் செடி நன்றாக வரும். ஏரியிலிருந்து வெளியேறும் தென்ரியூ ஆறு நீர்ச்சக்கரங்களைச் சுழற்றியது. அங்கே 1875இல் தொடங்கிய சிறு ஆலை ஒன்று, தொமியோகாவில் பிரெஞ்சு உலோகத்தால் ஆனவற்றில் பலவற்றை மரத்தாலும் சுட்ட மண்ணாலும் செய்துகொண்டது. பிரெஞ்சு முறையையும் இத்தாலிய முறையையும் கலந்து, உள்ளூர்த் தச்சரும் குயவரும் செய்யக்கூடிய விலைக்குக் கொண்டுவந்த அந்த மலிவுப் பதிப்புதான் நாடெங்கும் பரவியது. வெளியிலிருந்து வாங்கியதைத் தன் ஊர்க் கைகளுக்கும் தன் ஊர்ப் பணத்துக்கும் ஏற்பக் குறைத்துச் செய்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை, அதற்குப் பின் வந்த தறியிலும் டீசல் இயந்திரத்திலும் ரேடியோவிலும் திரும்பத் திரும்பக் காணலாம்.

நூற்பு வேலை எளிதன்று. பட்டுக்கூட்டை வெந்நீரில் இட்டு, இழையின் நுனியைக் கண்டெடுத்து, பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக இழுக்க வேண்டும். கூட்டின் இழை உட்புறம் போகப் போக மெலிவதால், நூல் கனம் மாறாமல் இருக்க நூற்பவள் சரியான கணத்தில் புதுக் கூட்டைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவின் விசைத்தறிகளில் நூல் ஒருமுறை அறுந்தால் தறியே நிற்கும். ஆகவே பளபளப்பைக் காட்டிலும் சீரான கனத்துக்குத்தான் நல்ல விலை கிடைத்தது. ஒகாயா ஆலைகள் ஒவ்வொரு பெண்ணும் நூற்ற நூலைத் தினமும் சோதித்து, அதற்கேற்பக் கூலியை ஏற்றியும் இறக்கியும் கொடுத்தன. ஜப்பானியத் தரக்கட்டுப்பாடு என்றவுடன் 1950க்குப் பிறகு வந்த அமெரிக்கப் புள்ளியியலாளர்களைச் சொல்வது வழக்கம். எனக்கு அந்தக் கதை பாதிதான் சரியாகத் தெரிகிறது. பொருளைத் தொகுதி தொகுதியாகச் சோதித்து விலை வைக்கும் பழக்கம் பட்டு ஆலைகளில் முன்பே ஊறியிருந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஹீதா போன்ற மலைக் கிராமங்களிலிருந்து நொமுகி கணவாயைப் பனியில் நடந்து கடந்து வந்த சிறுமிகள். நீண்ட வேலை நேரம், நீராவி நிறைந்த கூடம், நெருக்கமான விடுதி, அதனால் பரவிய காசநோய் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே அந்தச் சாதனையை எடைபோட வேண்டும்.

உழவின் பக்கத்திலும் அறிவியல் சேர்ந்தது. மெண்டலின் மரபு விதியைப் பட்டுப்புழுவில் சோதித்த தோயாமா காமெதாரோ, இரண்டு இனங்களைக் கலந்து பெறும் முதல் தலைமுறைப் புழு தாய்தந்தை இனங்களைவிட நன்றாக வளர்வதைக் காட்டினார். அத்தகைய முட்டைகள் 1914 முதல் உழவர்களுக்கு வழங்கப்பட்டன. மலைப்பாறை இடுக்குகளிலிருந்து கோடையிலும் குளிர்காற்று வீசும் இடங்களில் கிடங்கு கட்டி முட்டைகளை வைத்து, பொரிவதைத் தள்ளிப்போட்டார்கள். அதனால் வசந்தத்தில் மட்டுமே நடந்த புழு வளர்ப்பைக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும், நெல் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் நடத்த முடிந்தது. 1909 வாக்கில் கச்சாப் பட்டு ஏற்றுமதியில் ஜப்பான் சீனாவை முந்தியது.

பருத்தித் தறியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்றைய ஷிசுவோகா மாகாணத்துக் கிராமம் ஒன்றில் தச்சர் வீட்டில் பிறந்த தோயோதா சாகிச்சி, 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1924இல் முடிவடைந்த அவருடைய தானியங்கித் தறி, ஊடை (குறுக்கு) நூல் தீரும்போது ஓட்டத்தை நிறுத்தாமலே அதைச் சுமந்து ஓடும் நாடாவை மாற்றிக்கொள்ளும்; பாவு (நெடுக்கு) நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தறிக்கு ஓர் ஆள் என்ற நிலை மாறி, ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929இல் அந்தக் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் நிறுவனம் 1,00,000 பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அவர் மகன் கீச்சிரோ 1933இல் தறி நிறுவனத்துக்குள்ளேயே மோட்டார் வாகனப் பிரிவைத் தொடங்கினார். கோளாறு கண்டால் இயந்திரம் தானே நிற்க வேண்டும் என்ற தறிக் கொள்கை டொயோட்டா கார் ஆலைகளின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக இன்றும் இருக்கிறது.

மீண்டும் சுவா ஏரிக்கரைக்கு வருவோம், ஏனெனில் வயல் எப்படி மின்னணுவாக மாறியது என்பதை இந்த ஊரைப்போல் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. 1930இல் அமெரிக்கப் பொருளாதாரச் சரிவோடு பட்டு விலையும் விழுந்தது. 1940 வாக்கில் நைலான் வந்து காலுறைச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. வெறுமையான ஆலைக் கூடங்களும் நுண்ணிய கைவேலை பழகிய தொழிலாளரும் எஞ்சினர். போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி தோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த நுண்கருவி நிறுவனங்கள் இங்கே வந்து தங்கின. 1942இல் யமாசாகி ஹிசாவோ என்ற உள்ளூர்க்காரர் ஒரு பழைய மிசோ (சோயா விழுது) கிடங்கில் கைக்கடிகார உதிரிபாகப் பட்டறை தொடங்கினார். கடிகாரம் செய்யும் செய்கோ குழுமத்தோடு இணைந்து வளர்ந்த அந்தப் பட்டறையின் வழிவந்த நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டுகளுக்கு முன் அலமாரி அளவில் இருந்த குவார்ட்ஸ் கடிகாரம் மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தது. உள்ளே இருந்த படிகம் விநாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. பிழை மாதத்துக்கு 5 விநாடிக்குள். விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சிறிய கார் வாங்கும் பணம். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்ட நேரத்தை அச்சிட்டுக் கொடுத்த கருவிக்காகச் செய்த சிறு அச்சுப்பொறி நுட்பம், 1968இல் கணக்குப்பொறிகளுக்கான மின் அச்சுப்பொறியாயிற்று. அந்த நிறுவனம் பின்னர் ஏற்ற எப்சன் என்ற பெயரே அந்த அச்சுப்பொறியின் வழித்தோன்றல் என்ற பொருளில் வைத்ததுதான்.

போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் நடந்தவற்றுள், மின்னணு வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று நிலச் சீர்திருத்தம். ஊரில் வாழாத நிலக்கிழாரின் குத்தகை நிலம் முழுவதையும், ஊரில் வாழ்பவரின் குத்தகை நிலத்தில் சுமார் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்டதையும் அரசு வாங்கி, உழுபவருக்கே விற்றது. 46 சதவீதமாக இருந்த குத்தகை நிலம் 1950க்குள் 10 சதவீத அளவுக்கு இறங்கியது. விளைச்சலின் பலன் கையில் நின்றபோது, வானொலி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி என்று வாங்கக்கூடிய வீடுகள் கிராமங்களில் தோன்றின. ஜப்பானிய மின்னணு நிறுவனங்கள் ஏற்றுமதியால் மட்டுமே வளர்ந்தவை என்று நினைப்பவர்கள் இந்த உள்நாட்டுச் சந்தையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1946இல் இபுகா மசாருவும், சாக்கே மது காய்ச்சும் பழங்குடும்பத்தைச் சேர்ந்த மொரிதா அகியோவும் சேர்ந்து பின்னாளில் சோனி ஆகப்போகும் நிறுவனத்தை நிறுவினார்கள். அவர்களின் முதல் முயற்சிகளுள் ஒன்று, மரத்தொட்டியின் அடியில் அலுமினிய மின்முனைகளை வைத்துச் செய்த சோறு வடிக்கும் கருவி. அரிசியின் தரமும் நீரின் அளவும் மாற மாற, சோறு ஒன்று குழைந்தது அல்லது வேகாமல் நின்றது. அது விற்பனைக்கே வரவில்லை. 1955இல் தோஷிபா அந்தச் சிக்கலை எளிய வழியில் தீர்த்தது. வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய அளவான நீர் சுமார் 20 நிமிடத்தில் ஆவியாகும்; அது தீர்ந்தவுடன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும்; இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். விடியலில் எழுந்து அடுப்பருகே காத்திருக்கும் வேலை பெண்களுக்கு அதோடு குறைந்தது.

சோனியின் பெயரை நிலைநாட்டியது, மின்சைகையைப் பெருக்கும் சிறு கருவியான டிரான்சிஸ்டர். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிடமிருந்து அதற்கான உரிமத்தை 25,000 டாலருக்குப் பெற்றார்கள். அந்நியச் செலாவணி அனுமதி தர ஜப்பானின் வர்த்தக அமைச்சகம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அரசு திட்டமிட்டு எல்லாவற்றையும் வழிநடத்தியது என்ற கருத்துக்கு இது நல்ல மறுப்பு. 1954இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்துவிட்டது. சோனியின் ரேடியோ 1955இல் வந்தது. முதலில் செய்தவர்கள் அமெரிக்கர்களே என்றாலும், அதைச் சிறிதாக்கி, மலிவாக்கி, தொடர்ந்து செய்தவர்கள் ஜப்பானியர். டிரான்சிஸ்டரின் நுண்கம்பிகளை உருப்பெருக்கியின் கீழ் இணைத்தவர்கள், முந்தைய தலைமுறையில் பட்டு நூற்றவர்களைப்போலவே, கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிய இளம்பெண்கள். பள்ளி முடித்த பிள்ளைகளைக் கூட்டமாக நகரத்துக்கு ஏற்றிச்செல்லும் தனி ரயில்கள் 1954 முதல் வட மாகாணமான அவோமோரியிலிருந்து தோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு ஓடின. அவர்களை முதலாளிகள் 'தங்க முட்டைகள்' என்று அழைத்தார்கள்.

1950இல் வேலை செய்வோரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் உழவு, வனம், மீன்பிடி ஆகியவற்றில் இருந்தார்கள். 1970இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தனை பேர் விலகியும் நெல் விளைந்ததற்குச் சிறு இயந்திரங்களே காரணம். ஷிகா மாகாணத்து உழவர் வீட்டுப் பிள்ளையான யமாஓகா மகோகிச்சி 1933இலேயே வயலுக்கு ஏற்ற சிறிய டீசல் இயந்திரத்தைச் செய்திருந்தார். யன்மார் நிறுவனம் அவருடையது. போருக்குப் பின் பவர் டில்லர் பரவியது. கடைசிவரை கைக்கு எட்டாமல் இருந்தது நடவு இயந்திரம். நாற்றங்காலில் பறித்த, வேர் சிக்கிய நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நட எந்த உலோக விரலாலும் இயலவில்லை. இயந்திரத்தைத் திருத்துவதை விட்டு நாற்றைத் திருத்தியபோதுதான் வழி பிறந்தது: தட்டையான பெட்டியில் மெல்லிய மண்ணில் நெருக்கமாக விதைத்து, பாய்போல் சுருட்டி எடுக்கக்கூடிய இளநாற்றை இயந்திரத்தில் வைத்தார்கள். தமிழ்நாட்டில் இயந்திர நடவுக்குப் போடும் பாய் நாற்றங்கால் அதே முறைதான். 1970 வந்தபோது அரிசி மிஞ்சி, நெல் பரப்பைக் குறைக்கும்படி அரசே உழவர்களைக் கேட்டுக்கொண்டது. பலர் வாரநாளில் பக்கத்து ஆலையில் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமையில் வயல் பார்த்தார்கள்.

மின்னணுச் சில்லுகள் (சிப்) செய்யும் குறைகடத்தித் துறையில் அரசின் கை வலுவாகத் தெரிந்தது 1976 முதல் 1980 வரை நடந்த கூட்டு ஆய்வுத் திட்டத்தில். ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்இசி, தோஷிபா ஆகிய ஐந்து போட்டியாளர்களை ஒரே கூரையின் கீழ் அமர்த்தி, சுமார் 7,000 கோடி யென் செலவிட்டார்கள். அதிலிருந்து வந்த கருவி நுட்பங்களின் துணையோடு 1980களின் பிற்பகுதியில் உலகச் சில்லுச் சந்தையில் ஏறத்தாழப் பாதி ஜப்பானியர் வசமாயிற்று. 1986இல் அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தமும் கொரியா, தைவான் ஆகியவற்றின் எழுச்சியும் அந்த இடத்தைக் கரைத்தன. முடிவை அமெரிக்க நெருக்குதல் மீது மட்டும் சுமத்துவது ஜப்பானில் வழக்கம். வடிவமைப்பும் தயாரிப்பும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்த காலத்தில் எல்லாவற்றையும் தாமே செய்வோம் என்று பெருநிறுவனங்கள் பிடிவாதம் பிடித்ததும் அதே அளவு காரணம் என்பேன்.

இன்று சில்லுத் தொழில் மீண்டும் குவியும் இடம் கியூஷூவின் குமாமோத்தோ. என்இசி 1969இலேயே அங்கு வந்தது, ஏனெனில் சில்லுகளைக் கழுவத் தூய நீர் ஏராளமாக வேண்டும். அசோ எரிமலைச் சாம்பல் படுகைகளில் வடிகட்டப்பட்ட நிலத்தடி நீர் அங்கே கிடைத்தது. 7 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் குமாமோத்தோ நகரமும் குடிநீருக்கு முழுவதும் அதையே நம்பியிருக்கிறது. அந்த நீருக்கு ஊற்று, ஷிராகாவா ஆற்றின் நடுப்பகுதியில் உள்ள நெல்வயல்கள். அவ்வயல்களின் மண் மற்ற இடங்களைவிட 5 முதல் 10 மடங்கு நீரை உள்ளே இறக்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தோ கியோமாசா என்ற சிற்றரசர் வெட்டுவித்த கால்வாய்கள்தான் அவற்றுக்குப் பாய்கின்றன. கிக்குயோ ஊரில் உள்ள கால்வாய்ப் பகுதி ஒன்றில், பாறையைக் குறுக்குச் சுவர்களாக விட்டு அடியில் துளையிட்டிருக்கிறார்கள். துளை வழியே பாயும் நீர் சுழன்று எரிமலைச் சாம்பலை அடியில் படியவிடாமல் அடித்துச் செல்கிறது. தைவானின் சில்லு நிறுவனமான டிஎஸ்எம்சி தொடங்கிய ஆலை 2024இல் திறக்கப்பட்டதும் அதே கிக்குயோவில்தான்.

நெல் பரப்பு குறைந்ததும் நீர்மட்டம் இறங்கியது. அதனால் 2000களின் தொடக்கத்திலிருந்து சோனியின் சில்லு ஆலையும் குமாமோத்தோ நகராட்சியும், நெல்லுக்குப் பதில் கேரட்டும் தீவனப் பயிரும் வைக்கும் உழவர்களுக்குப் பணம் கொடுத்து, ஒரு பயிருக்கும் அடுத்த பயிருக்கும் இடையே ஒன்று முதல் மூன்று மாதம் வயலில் நீர் தேக்கச் சொல்கின்றன. புதிய ஆலையும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஆலை வந்ததால் நிலவிலை ஏறி, நீர் தேக்க வேண்டிய வயல்களே வீட்டுமனையாகவும் கிடங்காகவும் மாறிவருகின்றன. குத்தகை நிலத்தை நம்பியிருந்த பால்பண்ணைக்காரர்களுக்குத் தீவனம் போட இடம் கிடைப்பதில்லை. எத்தனை வயலை எந்த விலைக்கு வயலாகவே வைத்திருப்பது என்பதுதான் இப்போது குமாமோத்தோ அதிகாரிகளும் நிறுவனங்களும் உழவர்களும் பேரம் பேசும் விஷயம்.